டூட்டி மாற்றிவிட்ட வியாழக்கிழமை

பேச்சியம்மாளின் இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் இருந்தது. நரம்பு முடிச்சிட்ட காலில் வருகிற புண். மருந்து போட்டு அழுத்திக் கட்டி, காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் ஆறும். நின்றுகொண்டே இருந்தால் ஆறாது. அவள் ஸ்டாஃப் நர்ஸ். நிற்பதுதான் வேலை.

கட்டு மாற்றுவது நான். தன் காலுக்குத் தானே கட்டினால் ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தளரும். நான் அதே மருத்துவமனையில் நர்சிங் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டு. ஆகையால் இங்கே எழுதுவதில் பாதி, கட்டுப் போடும்போது அவள் சொன்னது. மீதி, அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் சொன்னது. மருத்துவமனை திண்டுக்கல்லில் இருக்கிற தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம்.

அவள் சின்னாளப்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா வாழ்நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர். மகள் காலைப் பார்த்துவிட்டு, "நான் உக்காந்து கெட்டேன், நீ நின்னு கெட்ட. நம்ம குடும்பத்துக்கு நடக்குற வேலைதான் ஒத்துவரும் போல. தபால்காரனுக்குத்தான் உன்னைக் கட்டிக் குடுத்திருக்கணும்" என்று சிரித்தாராம். கட்டிக் கொடுத்தது காய்கறி வேன் ஓட்டுகிறவருக்கு. அவரும் ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் உட்கார்ந்தே போய் வருகிறவர்.

மருத்துவமனை சர்ஜன் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "நைட் டூட்டியும் வார்டுமா இப்படியே ஓடினா இது ஆறாது. உக்காந்து பாக்குற வேலை வாங்கு. இல்லேன்னா வேலைய விடு." வேலையை விடுகிற வீடு இல்லை அது.

உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருந்தது. நர்சிங் சூப்பர்வைசர். இருந்த அம்மாள் கணவருக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போனதால் இடம் காலியானது. பகல் டூட்டி மட்டும். ரவுண்ட்ஸ் போக வேண்டும், டூட்டி சார்ட் போட வேண்டும், புகார் வந்தால் விசாரிக்க வேண்டும். மேசை உண்டு, நாற்காலி உண்டு. வெளியாள் எடுக்காமல் உள்ளே இருக்கிறவர்களிடமே விண்ணப்பம் கேட்டார்கள். இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருத்தி இவள். இன்னொருவர் ஐசியுவில் இருக்கிற ஆண்டனிராஜ். பெண் நர்சுகளை சிஸ்டர் என்பதைப் போல ஆண் நர்சுகளை பிரதர் என்பார்கள். ஆண்டனிராஜ் பிரதர் வேலையில் சுத்தம், வாயில் வம்பு.

"சிஸ்டர், உங்களுக்குக் கிடைச்சா எனக்கு சந்தோசம். எனக்குக் கிடைச்சா உங்களுக்கு சந்தோசமா இருக்குமா?" என்று லிஃப்டில் வைத்துக் கேட்டாராம்.

"இருக்காது" என்றாளாம் இவள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட் ஒன்று, வார்டில் நிற்கிற ஆள் வேறு. என் காலத்திலிருந்தே அப்படித்தான். பொங்கலன்று கிறிஸ்தவப் பிள்ளைகள் நிற்பார்கள். கிறிஸ்மஸுக்கு நாங்கள் நிற்போம். ரம்ஜானுக்கு எல்லோரும் சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்போம். இதற்குத் தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஒருத்தி கேட்பாள், ஒருத்தி சரி என்பாள். இரண்டாவது மாடியில் அந்தப் பேச்சை முடித்துவைக்கிறவள் பேச்சியம்மாள். யாருக்கு எந்த ஊர், எந்த பஸ், யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள்.

புதிதாக வந்த ஹெச்ஆர் மேனேஜர் யோகேஷ் இதை நிறுத்தினார். அனுமதி இல்லாமல் டூட்டி மாற்றினால் மெமோ, இரண்டாவது முறை வேலை போகும் என்று சுற்றறிக்கை வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், மரியாதையாகத்தான் பேசுவார். அந்த விதியில் தப்பு இல்லை. வார்டில் ஒன்று நடந்தால், சார்ட்டில் பெயர் உள்ளவரைத்தான் கேட்பார்கள். ஆனால் சுற்றறிக்கை வந்த பிறகும் மாற்றுவது நிற்கவில்லை, குரல் மட்டும் தாழ்ந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜீவிதா வந்து நின்றாள். செம்பட்டிப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

"அக்கா, வியாழக்கிழமை என்னைப் பாக்க வாராங்க. மாப்பிள்ளை மிலிட்டரி. தேய்பிறையா இருந்தாலும் பரவாயில்லைன்னுட்டாங்க. தீபாவளியோட லீவு முடிஞ்சு கிளம்பிருவாராம்."

"லீவு எழுதிக் குடுக்க வேண்டியதுதான?"

"எழுதினேன். தீபாவளி வாரம் யாருக்கும் லீவு இல்லைன்னு யோகேஷ் சார் திருப்பிட்டாரு. காலையில மட்டும்க்கா. மத்தியானம் ஓடி வந்துருவேன்."

பேச்சியம்மாள் சார்ட்டைப் பார்த்தாள். அன்று காலை வார்டில் இவளும் ஜீவிதாவும். மத்தியானம் வினிதா. வினிதா காலையில் வந்து, ஜீவிதா மத்தியானம் நின்றால் கணக்கு சரி. வினிதாவைக் கேட்டாள். அவளும் தலையாட்டினாள். வினிதாவின் வீடு அய்யலூரில்.

அங்கேதான் தப்பு நடந்தது. வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச்சந்தை. சாதாரண வாரத்திலேயே காலையில் ரோடு நகராது. தீபாவளிக்கு முந்தைய வாரமென்றால் எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்து நாலுவழிச் சாலையையே அடைத்துவிடும். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வினிதாவுக்குக் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் முதல் தீபாவளி, அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாருடைய பஸ்ஸையும் மனப்பாடமாக வைத்திருந்த பேச்சியம்மாளுக்கும் தோன்றவில்லை. அவளுடைய யோசனையெல்லாம் இன்டர்வியூவில் இருந்தது.

இன்டர்வியூ அடுத்த திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். இன்டர்வியூ எடுக்கிற பெரிய டாக்டருக்கு வெளியூர்ப் பயணம் வந்ததால், புதன்கிழமை சாயங்காலம் அதை மறுநாள் காலைக்கு மாற்றினார்கள். அதனால் என்ன, வார்டில்தான் வினிதா இருப்பாளே என்று இவள் நினைத்துக்கொண்டாள். அன்று கட்டுப் போடும்போது, "வெள்ளைப் பேண்டேஜ் தெரியாம உள்ளாற மடிச்சு விடுங்கக்கா. முடியாத ஆளுன்னு நினைச்சுருவாங்க" என்றாள்.

"முடியாத ஆளுதானடி நீ" என்றேன். சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை டூட்டி மாறுகிற நேரத்துக்கு வினிதா வரவில்லை. போன் போட்டால் பின்னால் ஆடு கத்துகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"அக்கா, பஸ்ஸு அசையவே மாட்டேங்குது. முன்னாடி பின்னாடி எல்லாம் ஆட்டு வண்டி. இறங்கி நடக்கவா?"

"நடந்து எங்க வருவ, திண்டுக்கல்லுக்கா? உக்காரு. வடமதுரை தாண்டினதும் கூப்பிடு."

இரவு டூட்டிப் பெண் கிளம்பிவிட்டாள். அவளை நிறுத்தியிருக்கலாம். வினிதா ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாள் என்று இவள் நம்பியதால் நிறுத்தவில்லை. வார்டில் இவளும் ஒரு ஆயாவும் மட்டும். அந்த நேரம் பார்த்து பொன்னுத்துரைக்கு ரத்தம் வந்து சேர்ந்தது.

பொன்னுத்துரை தென்னை மரத்திலிருந்து விழுந்து தொடையில் கம்பி வைத்த விவசாயி. உடம்பில் ரத்தம் குறைவு. ரத்தப் பையை வெளியே எடுத்துவிட்டால் வைத்துக்கொண்டிருக்க முடியாது, ஏற்றியாக வேண்டும். ஏற்ற ஆரம்பித்தால் முதலில் கொஞ்ச நேரம் நர்ஸ் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. அதன் பிறகும் கண் அங்கேயே இருக்க வேண்டும். ஆயாவை நிறுத்திவிட்டுப் போகிற வேலை இல்லை அது. பரிசோதனையெல்லாம் முடித்து டூட்டி டாக்டரும் பார்த்த பிறகு பேச்சியம்மாள் ரத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"ஏம்மா, இது ஆம்பளை ரத்தமா பொம்பளை ரத்தமா?" என்றார் பொன்னுத்துரை.

"அதெல்லாம் எழுதியிருக்காதுய்யா."

"சைவமா அசைவமான்னாச்சும் கேட்டீகளா? நான் கார்த்திகைக்கு மாலை போடுற ஆளு."

"பேசாமப் படுங்க. நடுக்கமோ அரிப்போ முதுகு வலியோ வந்தா உடனே சொல்லணும்."

ஹெச்ஆர் அறையிலிருந்து போன் வந்தது. ஆண்டனிராஜ் உள்ளே இருக்கிறார், அடுத்து நீங்கள், கீழே வந்து உட்காருங்கள் என்றார்கள். பத்து நிமிடம் என்றாள். பக்கத்து வார்டுக்குப் போன் போட்டாள். "இங்கயே கை பத்தலக்கா" என்றார்கள். வினிதாவுக்குப் போட்டாள். இன்னும் வடமதுரை வரவில்லை. நர்சிங் சூப்பரின்டெண்ட் மகேஸ்வரி மேடத்திடம் சொன்னால் ஆள் அனுப்புவார். ஆனால் அவரும் இன்டர்வியூ அறையில்தான் இருந்தார். சொன்னால் ஜீவிதா எங்கே என்று கேட்பார்.

கீழே இருந்து இரண்டாவது முறை போன் வந்தது. "சார் வெயிட் பண்றாரு சிஸ்டர். வரலைன்னா வரலைன்னு எழுதிக்கவான்னு கேக்குறாரு."

அப்போதுதான் ஆண்டனிராஜ் வார்டு வாசலில் தலையை நீட்டினார். அயர்ன் செய்த சட்டை, தலையில் எண்ணெய். இன்டர்வியூ நன்றாக முடிந்த முகம்.

"என்ன சிஸ்டர், இன்னும் இங்கதான் நிக்கிறீகளா? எனக்கு விட்டுக்குடுத்துட்டீகளா?"

அவளுக்கு வேறு ஆள் இல்லை. "பிரதர், செத்த நேரம் இங்க நில்லுங்க. ரத்தம் ஏறுது. ஜீவிதா இல்ல. வினிதா அய்யலூர் சந்தையில மாட்டிக்கிட்டா."

ஆண்டனிராஜ் சிரிப்பை நிறுத்தினார். விஷயம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "நான் நிக்காமப் போனா வேலை எனக்கு. நின்னா உங்களுக்கு. நான் ஏன் நிக்கணும்?"

"கிறிஸ்மஸுக்கெல்லாம் உங்க இடத்துல யாரு நின்னா?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையைக் கழுவப் போனார். "ஓடுங்க" என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. "வந்து சொல்லுங்க, என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை."

லிஃப்ட் வரவில்லை. படியில் இறங்கினாள். இறங்கும்போதே கட்டு நழுவியது.

அறையில் மூன்று பேர். நடுவில் பெரிய டாக்டர், ஒரு பக்கம் யோகேஷ், மறுபக்கம் மகேஸ்வரி மேடம். ஏன் தாமதம் என்று யோகேஷ் கேட்டார். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது என்றாள். அது உண்மைதான். நோயாளியின் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள், ஊசி குத்திக்கொண்ட நர்சுக்கு என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அதெல்லாம் அவள் தினமும் செய்கிற வேலை. பதில் வந்துகொண்டே இருந்தது. பெரிய டாக்டர் தலையாட்டினார்.

பிறகு யோகேஷ் கேட்டார். "அனுமதி இல்லாம டூட்டி மாத்திக்கிறது உங்க மாடியில நடக்குதுங்களா சிஸ்டர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மேசை மேலிருந்த போன் அடித்தது. மகேஸ்வரி மேடம் எடுத்தார். "ம்... ம்... சரி" என்றார். வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாள் முகத்தில் என்றைக்குமே ஒன்றும் தெரியாது.

"அந்தக் கேள்வி இருக்கட்டும். பேச்சி, இப்ப உன் வார்டுல யாரு இருக்கா?"

சார்ட்டில் ஜீவிதா என்று இருந்தது. ஜீவிதா என்று சொன்னால் போதும். மத்தியானம் அவள் வந்துவிடுவாள், ஆண்டனிராஜ் ஐசியுவுக்குப் போய்விடுவார், காலையில் நடந்தது காலையோடு போகும். நாற்காலியும் கிடைக்கும்.

"போனைப் பாத்தேன்க்கா" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாள். "என் வார்டுல இருந்துதான் வந்துச்சோ என்னமோன்னு இருந்துச்சு. ரத்தம் ஏறுது. ஒண்ணு ஆகிருந்தா ஜீவிதாவைத்தான் கேப்பாங்க. அந்தப் பிள்ளை செம்பட்டியில கேசரித் தட்டோட நிக்கிது."

உண்மை பேசுகிறவள் என்று அவளை நான் புகழவில்லை. யோகேஷ் மட்டும் கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். அந்தப் போன் அடித்த பிறகு ஜீவிதாவின் பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

"ஆண்டனிராஜ் பிரதர், மேடம்."

யோகேஷின் பேனா நின்றது. "ஆண்டனிராஜ் ஐசியுங்களே? இப்பத்தான் இதே சேர்ல உக்காந்து, டூட்டி மாத்தறதுங்கற பேச்சே நமக்கு ஆகாது, வாழ்நாள்ல ஒருத்தருக்கும் மாத்தி நின்னதில்லைன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

பேச்சியம்மாளுக்கு அது தெரியாது. தான் சொன்ன ஒரு வார்த்தையில் அவருடைய வாய்ப்பும் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனது ஆகட்டும் என்று மீதியையும் சொன்னாள். ஜீவிதாவை அனுப்பியது நான், வினிதாவைக் கேட்டது நான், அவள் சந்தையில் மாட்டிக்கொண்டாள், பிரதரை நிறுத்தியதும் நான்.

மகேஸ்வரி மேடம் பெரிய டாக்டர் பக்கம் திரும்பினார். "போன் பண்ணினது ஆண்டனிராஜ்தான் டாக்டர். பொன்னுத்துரைக்குக் குளிர் நடுக்கம் வந்திருக்கு. உடனே ரத்தத்தை நிறுத்திட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருக்காரு. ஆளு இப்ப நல்லா இருக்காராம்." பிறகு இவள் பக்கம் திரும்பி, "அது இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை அய்யலூர்ல இருந்து ஒருத்தியைக் காலை டூட்டிக்கு வரச் சொன்னியா நீ?" என்றார்.

"யோசிக்கல மேடம்."

"எனக்கு ஊரு வடமதுரை. அன்னைக்கு எங்க ஊரு ரோட்டுல ஆடு போகும், ஆளு போகாது. மத்த எல்லாத்தையும் யோசிச்சவ இதை யோசிக்கலையா?"

அந்தக் கேள்விதான் அவளைக் கூச வைத்ததாம். மெமோவைவிட அது உறைத்ததாம்.

யோகேஷ் நிதானமாகவே கேட்டார். "சுற்றறிக்கையைப் படிச்சுத்தான மாத்திவிட்டீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் எந்த நம்பிக்கையில இந்தப் போஸ்டுக்கு வந்தீங்க?"

"கால் சார்" என்றாள். அதற்கு முன்னால் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் வேறு. "நிக்க முடியல. அதான் வந்தேன். ஆனா அந்த மாடியில யாரு எப்ப வர முடியும், வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் பிசகிட்டேன்."

போகலாம் என்றார்கள்.

வார்டுக்கு வந்தபோது வினிதா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். சேலையில் ஆட்டு வாடை. பொன்னுத்துரை போர்வைக்குள்ளிருந்து, "சொன்னேன்ல, அசைவ ரத்தம்" என்றார்.

ஆண்டனிராஜ் அவளிடம் கேட்டது ஒன்றுதான். "என் பேரைச் சொன்னீகளா?"

"சொன்னேன்."

"நான் உள்ள என்ன சொல்லிட்டு வந்தேன்னு தெரியுமா?"

"இப்பத் தெரியும்."

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நல்லா இருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வாழ்த்து இல்லை.

தீபாவளி முடியும்வரை முடிவு வரவில்லை. வீட்டில் பலகாரம் சுட்டாள், தின்னவில்லை. வேலை போகுமா, மெமோவோடு நிற்குமா என்று அவள் கணவர் என்னிடம் கேட்டார். காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றேன். புண் அந்த வாரம் நீர் விட்டது.

அடுத்த வாரம் மகேஸ்வரி மேடம் கூப்பிட்டார். வேலை அவளுக்குத்தான். ஆறு மாதம் சோதனை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்ன ஆள் அவள் ஒருத்திதான் என்று யோகேஷே சொன்னாராம். ஆனால் நான்கு மெமோ உண்டு. ஒன்று அவளுக்கு. மற்ற மூன்றையும் சூப்பர்வைசர் என்ற முறையில் அவளே கையெழுத்துப் போட்டு அவளே கொடுக்க வேண்டும்.

"வேற யாராச்சும் குடுக்கக் கூடாதா மேடம்?"

"குடுக்கலாம். அந்தச் சேர்ல வேற யாராச்சும் உக்காந்தா."

வினிதா அழுதுகொண்டே வாங்கினாள். ஆண்டனிராஜ் படித்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு" என்றார். ஜீவிதாதான் உடனே வாங்கவில்லை. அவளுக்கு அந்த வியாழக்கிழமையே சம்பந்தம் முடிவாகி, கையில் புது வளையல் போட்டிருந்தாள்.

"அக்கா, நீங்கதான போகச் சொன்னீக?"

"ஆமா. நான்தான் சொன்னேன். எனக்கும் ஒண்ணு வந்திருக்கு."

"உங்களுக்கு மெமோவோட நாற்காலியும் வந்திருக்கு. எனக்கு?"

பேச்சியம்மாள் பேனாவை நீட்டினாள். "கையெழுத்துப் போடு ஜீவிதா" என்றாள். போட்டாள். அன்றிலிருந்து அக்கா போய் மேடம் ஆனது. கல்யாணப் பத்திரிகையை மற்றவர்களுக்குக் கையில் கொடுத்தவள், இவளுக்கு மேசையில் வைத்துவிட்டுப் போனாளாம்.

பேச்சியம்மாள் உட்கார்ந்து அழவில்லை. உட்கார்ந்து வேலை பார்த்தாள். மாற்றுகிறவர், மாறி நிற்கிறவர் இருவரும் கையெழுத்துப் போட ஒரு துண்டுத் தாள் அச்சடிக்க வேண்டுமென்று யோகேஷிடம் கேட்டு வாங்கினாள். சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டால் சார்ட்டிலும் பெயர் மாறும். முதலில் ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் மெமோ வரும் என்று பயம். எல்லோரும் சார்ட்டில் போட்டபடியே வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

டிசம்பரில் சார்ட் ஒட்டியதும் ஆண்டனிராஜ் வந்தார். கிறிஸ்மஸ் காலை ஐசியுவில் அவருக்கு டூட்டி. துண்டுத் தாளை மேசையில் வைத்தார். அவர் கையெழுத்து மட்டும் இருந்தது.

"நிக்கிற ஆளு பேரு எங்க பிரதர்?"

"ஆளு கிடைச்சாத்தான? நீங்க இந்தப் பக்கம் வந்துட்டீக. இனிமே எனக்கு யாரு நிப்பா?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

அவள் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. காலைக் கெடுத்துக்கொண்டு கடனைக் கழிக்க அந்த வேலைக்கு வரவில்லை. "ஐசியு வேலை தெரிஞ்சவங்க மூணு பேரு இருக்காங்க. கேட்டு வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கேன்" என்றாள்.

சாயங்காலம் அந்தத் தாளைக் கொண்டுவந்தது ஜீவிதா. மாதத் தொடக்கத்தில்தான் அவளை ஐசியுவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த அறைக்குள் அவள் வந்தது மெமோ வாங்கிய பிறகு அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. குனிந்து, நிற்கிறவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுக்கும் மெமோ வருமா மேடம்?"

"ரெண்டு கையெழுத்து இருந்தா வராது" என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் தானும் போட்டாள். பிறகு நினைவு வந்து, "அன்னைக்கு என்ன கிழமை, செம்பட்டியில இருந்து எந்த பஸ்ல வருவ?" என்று கேட்டாள்.

ஜீவிதா கிழமையையும் பஸ் பெயரையும் சொன்னாள். பேச்சியம்மாள் தாளின் பின்பக்கம் இரண்டையும் எழுதிக்கொண்டாள்.